ரோலருக்குப் பச்சை, சக்கரத்துக்குச் சிவப்பு

நம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இப்போது பெயின்ட் அடிக்கும் வேலை வந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. கொழுந்து அரைக்கிற ரோலர், அதைக் காய வைக்கிற டிரையர், மோட்டர், கம்பித் தடுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம். "மொடர்னா இருக்கு" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

எங்கள் பெரியப்பா இஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் வேலை செய்தவர். அங்கே ரோலரின் உடம்பு கரும்பச்சை, சுற்றும் சக்கரங்கள் சிவப்பு, கொழுந்து அரைபடும் மேசையில் பித்தளை. கிரீஸ் போட வேண்டிய இடங்களில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு. கொழுந்து அரைக்கும் வேலை பெரும்பாலும் விடியாத நேரத்தில்தான் நடக்கும். மங்கிய பல்பு வெளிச்சத்தில், தூக்கக் கண்ணோடு நிற்கிறவருக்கு எது நிற்கிறது, எது சுற்றுகிறது, கை எங்கே போகக்கூடாது என்பதை நிறமே சொல்லிவிடும். 1940களில் அமெரிக்காவில் ஃபேபர் பிரென் என்ற வண்ண ஆலோசகர் தொழிற்சாலைகளுக்கு இதைத்தான் சொன்னார்: இயந்திரத்தின் உடம்புக்குக் கண்ணைக் களைப்பாக்காத பச்சை, ஆபத்தான பாகத்துக்குப் பளிச்சென்ற செம்மஞ்சள். வேலை செய்கிறவரின் கண்ணை நினைத்துத் தேர்ந்த நிறங்கள் அவை. இன்றைய சாம்பலும் கறுப்பும் விலைப்பட்டியல் படத்தில் அழகாகத் தெரிவதற்காகத் தேர்ந்தவை என்பது என் கருத்து.

அப்புறம் அந்த எழுத்துகள். கெய்ன்ஸ்பரோ ஊர் மார்ஷல் கம்பெனி, பெல்பாஸ்ட் ஊர் டேவிட்சன் கம்பெனியின் சிரோக்கோ என்று, செய்தவர்களின் பெயரை இரும்பிலேயே புடைப்பாக வார்த்திருப்பார்கள். அதன் மேல் வருஷா வருஷம் யாரோ ஒருவர் பொறுமையாக வெள்ளையோ தங்க நிறமோ தீட்டியிருப்பார். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் அதே எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஏறும். இயந்திரத்தைக் காக்கிற சாமியான ரோதமுனிக்குப் படையல் போட்டுக் கும்பிட்ட ஆட்கள் நாம். இயந்திரத்துக்கு ஒரு முகம் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியில் அதை எங்கே தேடுவது?

ரயில் பக்கம் வாருங்கள். ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதை. எல்ல ஸ்டேஷனில் வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிற சிவப்பு இரும்புப் பெட்டி இருக்கிறதே, அதுதான் டயர்ஸ் டேப்லட் கருவி. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய பிறகு எட்வர்ட் டயர் யோசித்துச் செய்தது. பெட்டியிலிருந்து எடுக்கிற வில்லை (அதுதான் டேப்லட்) கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். இரண்டு ஸ்டேஷன்களின் பெட்டிகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு வில்லை வெளியே போய்விட்டால், அது உள்ளே திரும்பும் வரை இன்னொன்றை எந்தப் பக்கமும் எடுக்க முடியாது. உயிர் காக்கிற பெட்டிக்குச் சிவப்பு அடித்தவர் அதன் பொறுப்பை அறிந்தவர். கைகாட்டி மரத்தின் சிவப்புக் கையில் ஒரு வெள்ளைப் பட்டை இருப்பதும் அப்படித்தான், தூரத்திலிருந்து வருகிற டிரைவருக்காக.

தோட்டத்து லயத்து (வரிசை) வீடுகளில் இருந்த பழைய வால்வ் ரேடியோக்கள் சிலவற்றின் பச்சைக் கண்ணையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டதும் அந்த ஒளி குவியும். காது கேட்காத தாத்தாவும் முள்ளைச் சரியாக நிறுத்திவிடுவார்.

புதிய இயந்திரங்களைக் குறை சொல்ல வரவில்லை. துருப்பிடிக்காத எஃகு கழுவச் சுலபம், உணவுப் பொருளுக்கு அது தேவை. டிரையரின் சூட்டை எண்ணில் காட்டுகிற திரையும் நல்லதுதான். ஆனால் அந்தத் திரையைச் சுற்றி இருக்கிற எல்லாப் பொத்தானும் ஒரே கறுப்பாக இருக்க என்ன அவசியம்? கொழுந்துச் சாறு படிந்த கையோடு அவசரத்தில் எதை அமுக்குவது?

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை இப்போது தேயிலை நூதனசாலை. பழைய இயந்திரங்களை அங்கே போய்ப் பார்க்கலாம். எல்லாத் தோட்டத்துக்கும் நூதனசாலை கிடைக்காது. அதனால் இஸ்டோரில் வேலை செய்கிற தம்பி தங்கச்சிகளிடம் ஒன்று கேட்கிறேன். பெயின்ட் அடிக்க ஆள் வருவதற்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் இயந்திரத்தைப் படம் எடுத்து வையுங்கள். இஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரிடம் கேட்டு, ஒரு மூலையில் கொஞ்சம் மட்டும் சுரண்டிப் பாருங்கள், அடியில் என்ன நிறம் இருக்கிறதென்று தெரியும். தோட்டத்தின் பெயரோடு இங்கே கீழே போடுங்கள். நான் சேர்த்து வைக்கிறேன்.