லொகேஷன் பின் போட மாட்டேன், ஏன்னு சொல்லிடறேன்

படிக்கட்டுல மிளகாய் காயற போட்டோ ஒண்ணு நேத்து போட்டேன்ல, அதுக்கு கீழ பத்து பதினஞ்சு பேரு எடுத்த இடத்த மேப்ல காட்டச் சொல்லி "பின் போடுங்க ப்ரோ"ன்னு கேட்டிருக்கீங்க, ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்து "ரொம்பத்தான் பண்றீங்க"ன்னும் சொல்லிட்டு போயிட்டாரு. திமிரெல்லாம் இல்லங்க. ஏரியா பேரு வேணா சொல்றேன், கொரியாவுல சியோல் நகரத்துல ஈஹ்வா-தோங். எந்த சந்துன்னு மட்டும் கேக்காதீங்க.

மலைச்சரிவுல இருக்கற ஏரியாவுல யாரு எடுத்தாலும் போட்டோ நல்லா வரும், அது நம்ம திறமையே கிடையாது. சமதரையில முன்வீடு பின்வீட்ட மறைச்சிடும், சரிவுல கொலுப்படி மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணா எல்லாமே தெரியும், ஜூம் பண்ணா இன்னும் நெருக்கி அடுக்குன மாதிரி வரும். அதே காரணத்தாலதான் அங்க குடியிருக்கறவங்களுக்கு மறைப்புங்கறதே இல்ல. மேல்படில நின்னா கீழ்வீட்டு மொட்டைமாடி, கொடில காயற உள்ளாடை, கிம்ச்சி பானை, அடுப்படி ஜன்னல் எல்லாம் நம்ம கண்ணு முன்னாடி. கார் ஏறாத சந்துல படிக்கட்டுதான் ரோடு, அதுவேதான் திண்ணை, அதுவேதான் வடாம் காயப்போடற இடம். நாம "ஸ்ட்ரீட்ல நின்னுதானே எடுத்தேன்"னு சொல்றோம், அவங்களுக்கு நாம நிக்கறது வீட்டு வாசல்ல.

கொரிய போருக்கு அப்புறம் போக்கிடம் இல்லாத ஜனங்க மலைச்சரிவுல பலகை வீடு போட்டு குடியேறுன இடங்கள கொரியாவுல தால்தொங்னேன்னு சொல்வாங்க, நிலா கிராமம்னு அர்த்தம், அவ்ளோ உசரத்துல இருக்கறதால நிலாவுக்கு பக்கமாம். பேரு அழகாத்தான் இருக்கு, தண்ணிக்குடம் தூக்கி ஏறுனவங்க கிட்ட கேட்டாதான் தெரியும். ஈஹ்வா-தோங்கும் அந்த மாதிரி ஏறி எறங்கி கால் வலிக்கற ஏரியாதான். 2006ல அரசாங்க திட்டத்துல ஓவியர்கள் வந்து சுவரெல்லாம் படம் வரைஞ்சாங்க, படிக்கட்டுல பூ, இன்னொரு படிக்கட்டுல கெண்டை மீன். 2010ல ஒரு டிவி ஷோல ஒரு நடிகர் அங்க இருந்த தேவதை சிறகு ஓவியத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தாரு, அவ்ளோதான், கூட்டம் தாங்க முடியாம வரைஞ்ச ஓவியரே அத அழிக்க வேண்டியதா போச்சு. அப்புறமும் நிக்கல, 2016ல குடியிருந்தவங்கள்ல சிலரே அந்த பூ படிக்கட்டையும் மீன் படிக்கட்டையும் பெயிண்ட் அடிச்சு அழிச்சிட்டாங்க, கேஸ் வரைக்கும் போச்சு. சத்தமும் குப்பையும் மட்டும் காரணம் இல்ல, இந்த ஓவியம் டூரிசம்னு சொல்லியே தங்களோட வீட்ட இடிச்சு கட்ட விடாம வச்சிருக்காங்கன்னு ஒரு கோவமும் இருந்துச்சு. காபி கடை வச்சவனுக்கு லாபம், மேல குடியிருக்கறவனுக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

சியோல்லயே பழைய பாணி ஓட்டு வீடுங்க இருக்கற புக்ச்சோன் ஏரியா கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், நம்ம கே-டிராமா கூட்டம் மொதல்ல ஓடறதே அங்கதான். ரெண்டு பக்கமும் ஓட்டு வீடு, நடுவுல சரிவா எறங்கற சந்து, தூரத்துல நாம்சான் டவர். சாதாரணமா எடுத்தா டவர் தீக்குச்சி மாதிரி தெரியும், மேல ஏறி நின்னு ஜூம் பண்ணாதான் அந்த போஸ்ட்கார்டு ஃபிரேம் கிடைக்கும், அதனால எல்லாரும் அதே பத்தடில நிப்பாங்க, அதாவது அதே நாலு வீட்டு கதவுக்கு முன்னாடி. பழைய ராஜா காலத்து வீடுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க, அதுல முக்காவாசி 1930கள்ல பெரிய மனைய துண்டு துண்டா பிரிச்சு கட்டி வித்த வீடுங்க, இன்னிக்கும் ஆளு இருக்கற வீடு. அந்த சந்துல 2024 நவம்பர்லேந்து சாயந்தரம் 5 மணிலேந்து காலை 10 மணி வரைக்கும் டூரிஸ்ட் வரக்கூடாதுன்னுட்டாங்க, 2025 மார்ச்லேந்து மீறுனா 1 லட்சம் வோன் ஃபைன். அதுக்கு நம்மாளுங்க புலம்பல பாக்கணுமே, கோல்டன் ஹவர் போச்சாம், அதான் சூரியன் மறையறதுக்கு முன்னாடி வர்ற மஞ்ச வெளிச்சம்! குளிர்காலத்துல அஞ்சேகாலுக்கு சூரியனே போயிடும்யா, கால் மணி நேரம் முன்னாடி கிளம்புனா குறைஞ்சா போயிடுவ. கோடைல எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அப்ப நஷ்டம்தான், ஒத்துக்கறேன், அங்க கடை வச்சிருக்கறவங்களும் வியாபாரம் படுத்துடுச்சுன்னு சொல்றாங்க, அது நியாயமான பேச்சு. நம்ம ரீல்ஸுக்கு லைட் பத்தலங்கறது நியாயத்துல வராது.

இப்ப மிளகாய்க்கு வரேன். செப்டம்பர் கடைசி, ஈஹ்வா-தோங் சந்துல ஒரு பாட்டி படிக்கட்டுல பாய் விரிச்சு செக்கச்செவேல்னு மிளகாய் காயவச்சு கையால துழாவி விட்டுட்டு இருந்தாங்க, எங்க ஆத்தா மொட்டைமாடில உக்காந்த அதே உக்காரல். நான் கேக்காம போன நீட்டிட்டேன். நான் வச்சிருக்கறது கொரியாவுல வாங்குன போன், கொரியாவுல விக்கிற போன் சைலன்ட்ல இருந்தாலும் கேமரா "கிளிக்"குனு சத்தம் போடும், திருட்டுத்தனமா எடுக்கறத தடுக்க 2004லேந்து அப்படி வச்சிருக்காங்க. பாட்டி சத்தம் கேட்டு திரும்பி "ஜிக்ஜி மா"ன்னாங்க. போட்டோ எடுக்காதன்னு அர்த்தம். மூணு வருஷமா இங்க இருந்துட்டு அது புரியலன்னு நடிக்க முடியாது, சாரி சொல்லி பக்கத்துல போய் ஸ்கிரீன காட்டி அவங்க முன்னாடியே டிலீட் பண்ணேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க, அப்புறம் மிளகாய கை காட்டி இத எடுத்துக்கோங்கற மாதிரி ஏதோ சொல்லிட்டு எழுந்து ஓரமா நின்னாங்க. நான் போன தூக்கறதுக்குள்ள "இரு"ன்னு நிறுத்திட்டு தன்னோட ரப்பர் செருப்பையும் தொடப்பத்தையும் எடுத்து ஃபிரேமுக்கு வெளிய தள்ளி வச்சாங்க பாருங்க, எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நான் அந்த செருப்புக்காகவே எடுக்க நினைச்சேன், சொல்ல வாய் வரல.

அந்த பாய் படிக்கட்டோட முக்கா அகலத்துக்கு இருக்கு. நீங்க பதினஞ்சு பேரு போய் நின்னா கால் வைக்க மிளகாய் மேலதான் இடம்.

போட்டோதான் வேணும்னா ஹ்யெஹ்வா மெட்ரோ ஸ்டேஷன் ரெண்டாவது எக்ஸிட்ல வெளிய வந்து நாக்சான் பார்க்குக்கு நடந்து ஏறுங்க. 1396ல கட்டுன கோட்டைச்சுவரு முதுகெலும்பு மாதிரி மலைமேல ஓடும், ராத்திரி அதுக்கு லைட் போடுவாங்க, கீழ மொத்த ஊரும் மினுக்கும். அங்கயும் சுவத்த ஒட்டி வீடுங்க இருக்கு, கொஞ்சம் மெதுவா பேசுங்க.