தனியா வராது

(மார்த்தாண்டத்தில் ஒரு பாத்திரக் கடை. நான் இட்லித் தட்டு பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அக்காவின் கையில் ஒரு கண்ணாடி ஜாடி, கம்பிக் கிளிப்பை அழுத்தி மூடுகிற வகை.)

அக்கா: தம்பி, இந்த மூடிக்கு ரப்பர் வேண்டும்.

கடைக்காரர்: டேய், அக்காவுக்கு குக்கர் கேஸ்கட் எடுடா. எத்தனை லிட்டர் அக்கா?

அக்கா: குக்கர் இல்லை தம்பி, ஜாடி.

கடைக்காரர்: சரி, மூன்று லிட்டரா, ஐந்து லிட்டரா?

அக்கா: ஒரு லிட்டர்.

கடைக்காரர்: ஒரு லிட்டர் குக்கர் இந்த ஊரில் ஓடாது அக்கா. இரண்டு லிட்டர் கேஸ்கட் இருக்கிறது, தரட்டுமா?

அக்கா: அதைப் போட்டால் என் மாங்காய் ஊறுகாய் விசில் அடிக்குமா?

(பையன் சிரித்தான். முதலாளி அப்போதுதான் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுத்தார்.)

கடைக்காரர்: ஓ, ஜாடியா! அது தனியா வராது அக்கா. ஜாடியோடுதான் வரும்.

அக்கா: ஜாடியோடுதான் வந்தது. இப்போது ஜாடியை விட்டுப் போய்விட்டது. இதைப் பாருங்கள்.

கடைக்காரர்: என்ன அக்கா இது, முறுக்கு மாதிரி நெளிந்து கிடக்கிறது?

அக்கா: நல்லெண்ணெய் குடித்த ரப்பர். பக்கத்து வீட்டுக்காரர் குலசேகரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். "ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது, ஊறினால் உப்பிவிடும், இதில் போய் ஊறுகாய் போட்டீர்களே" என்று திட்டினார்.

கடைக்காரர்: சரியாகத்தானே சொன்னார்?

அக்கா: சரியாகச் சொன்னவர் எல்லாம் இருக்கிறார்கள் தம்பி. ரப்பர் தருகிறவர்தான் இல்லை. வெளிவட்டம் 95 மில்லிமீட்டர், உள்வட்டம் 80. பேத்தியின் ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஓரத்தில் நாக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கடைக்காரர்: நாக்கா?

அக்கா: நாக்குதான். இந்த ஜாடி ஜாம் போடுவதற்குச் செய்தது. ஜாமை நிரப்பி மூடி, வெந்நீரில் முக்கிக் கொதிக்கவிட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போய்விடும். ஆறியதும் மூடி கவ்விக்கொள்ளும். அப்புறம் கிளிப்பை எடுத்தாலும் திறக்காது. நாக்கைப் பிடித்து இழுத்தால் புஸ் என்று காற்று உள்ளே போய்த் திறக்கும். குவைத்திலிருந்து இதைக் கொண்டு வந்த மருமகன் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். ரப்பர் கெட்டால் எங்கே வாங்குவது என்று மட்டும் சொல்லவில்லை.

கடைக்காரர்: சிலிகானில் வருகிறது அக்கா. அது எண்ணெயையும் தாங்கும், சூட்டையும் தாங்கும்.

அக்கா: வருகிறதா? எடுங்கள்!

கடைக்காரர்: வருகிறது. தனியா வராது.

(நான் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.)

கடைக்காரர்: எதற்கும் எதிர் ஹார்டுவேர் கடையில் கேட்டுப் பாருங்கள். வாஷர் என்று கேளுங்கள்.

அக்கா: அங்கிருந்துதான் வருகிறேன். குழாய்க்கா, மோட்டாருக்கா என்றார்கள். ஊறுகாய்க்கு என்றேன். பாத்திரக் கடைக்குப் போகச் சொன்னார்கள்.

கடைக்காரர்: ஸ்டேஷனரிக் கடை?

அக்கா: ரப்பர் என்று கேட்டதும் பென்சில் அழிக்கிற ரப்பரைக் கொடுத்தான். அது இல்லை தம்பி, வட்டமாக இருக்கும் என்றேன். வட்டமான அழிரப்பரைக் கொடுத்தான்.

கடைக்காரர்: ஆன்லைனில்?

அக்கா: போட்டோம். ஆறு வந்தது. ஆறும் ஒரே அளவு, எங்கள் வீட்டில் எந்த மூடிக்கும் சேராத அளவு. பேத்தி வளையலாகப் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

கடைக்காரர்: அப்படியென்றால் ஒன்றே வழி அக்கா. புது ஜாடி 480 ரூபாய். ரப்பரோடு.

அக்கா: வாங்கினால் என்னிடம் ஜாடி இரண்டு, ரப்பர் ஒன்று.

கடைக்காரர்: ஆமாம்.

அக்கா: அந்த ரப்பரும் கெட்டால்?

கடைக்காரர்: இன்னொரு ஜாடி.

அக்கா: அப்போது ஜாடி மூன்று, ரப்பர் ஒன்று. இப்படியே பத்து வருஷம் போனால் உங்கள் கடைக்கு எதிரே நான் ஜாடிக் கடை போடலாம். போர்டில் எழுதி வைப்பேன்: இங்கே ஜாடி தனியாகக் கிடைக்கும்.

கடைக்காரர்: என்மேல் கோபப்பட்டு என்ன அக்கா செய்வது? கம்பெனியில் அனுப்பினால் விற்க மாட்டேனா? கம்ப்யூட்டரில் தட்டிக்கூடப் பார்த்தேன், ஸ்டாக்கில் காட்டவில்லை.

அக்கா: நீங்கள் அதில் குக்கர் என்றுதானே தட்டினீர்கள்?

(பையன் மறுபடியும் சிரித்தான். அவனை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.)

அக்கா: இதே கடையில் உங்கள் அப்பா உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்க் உள்ளே உடைந்தால் கண்ணாடி ரீஃபில் மட்டும் தனியாக எடுத்துத் தருவார். ஸ்டவ்வுக்குத் திரி தனியாக. குடத்துக்கு அடி மட்டும் தனியாக மாற்றித் தந்தார். பக்கத்துக் கடையில் ஹவாய் செருப்புக்கு வார் தனியாக வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து குத்தி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். உங்கள் அப்பாவிடம் பிஸ்கட் டின் ஒன்று இருக்கும், திறந்தால் முழுக்க வாஷர்.

கடைக்காரர்: அந்த டின்னை நான்தான் பழைய சாமான்காரனிடம் போட்டேன் அக்கா. கடையை மாற்றிக் கட்டும்போது.

அக்கா: வாஷரோடா?

கடைக்காரர்: வாஷரோடு. அவன் எடுத்துக்கொண்டது டின்னைத்தான். வாஷர் தனியா வேண்டாம் என்று கொட்டிவிட்டுப் போனான்.

(அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்காக நானும் பேசவில்லை.)

அக்கா: சென்னையில் என் நாத்தனார் இருக்கிறாள். அவள் மல்லியைத் தனியா என்பாள். அங்கே போய்க் கேட்டால் தனியாவாவது வரும்.

கடைக்காரர்: அந்த வெள்ளைக்கார நாட்டில் எல்லாம் ரப்பர் கிடைக்குமா அக்கா?

அக்கா: பத்து பத்தாகப் பாக்கெட்டில் விற்கிறார்களாம். வருஷா வருஷம் மாற்றிக்கொள்கிறார்கள். நம் ஊரில் விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டி, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து, புகை போட்டு அனுப்புகிறார்கள். வீட்டுக் கொல்லையில் ரப்பர் மரம் நிற்கிறது, சாமான் மூடிக்கு ஒரு வளையம் இல்லை. மாடு வைத்திருக்கிறவன் பால் பவுடருக்கு அலைந்த மாதிரி இருக்கிறது.

கடைக்காரர்: மரத்திலிருந்து வளையமாக வராதே அக்கா.

அக்கா: ஆமாம். அதுவும் தனியா வராது.

கடைக்காரர்: உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டிலும் இதே ஜாடி இருக்கிறது. ரப்பர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அக்கா: அதில் என்ன போட்டு வைத்திருக்கிறீர்கள்?

கடைக்காரர்: துணி உலர்த்துகிற கிளிப்.

அக்கா: கிளிப் போட்ட ஜாடிக்குள் கிளிப். நன்றாகத்தான் இருக்கிறது.

கடைக்காரர்: நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கண்ணாடியே வேண்டாம். பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடிதான் ஊறுகாய்க்கு. ரப்பரும் கிடையாது, கிளிப்பும் கிடையாது. உப்பு சரியாகப் போட்டு, மேலே எண்ணெய் மிதக்க விட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிவிட்டால் வருஷம் தாங்கும். அதற்குமேல் மூடியைக் கவிழ்த்தால் எறும்புகூட நுழையாது.

அக்கா: எங்கள் அம்மாவின் ஜாடி வீட்டில் இருக்கிறது தம்பி. பெரியது, அடி வெள்ளை, கழுத்து பழுப்பு. அதில்தான் இத்தனை வருஷம் போட்டேன்.

கடைக்காரர்: அப்புறம் ஏன் அக்கா இந்தக் கண்ணாடிக்கு மாறினீர்கள்?

அக்கா: அதன் மூடி உடைந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று உங்களிடம்தான் கேட்டேன், மூடி மட்டும் கிடைக்குமா என்று.

கடைக்காரர்: நான் என்ன சொன்னேன்?

(அக்கா பதில் சொல்லவில்லை. ஜாடியின் கிளிப்பைப் போட்டார். ரப்பர் இல்லாததால் மூடி கடகடவென்று ஆடியது. என் இட்லித் தட்டில் நடுவில் ஒன்று மட்டும்தான் எனக்குத் தேவைப்பட்டது. நான் கேட்கவில்லை.)