உருளையும் மிளகும் எங்களோடு வருவது எதற்கு

போலந்தில் துனாயெட்ஸ் ஆற்றங்கரையில் எங்கள் கரடிப் பொம்மைகள் உருளையும் மிளகும் உட்கார்ந்திருக்கிற படத்தைப் போன வாரம் போட்டேன். அதன் கீழே ஊரிலிருந்து சித்தி முறை வரும் ஒருவர், "குழந்தை இல்லாத ஏக்கம், பாவம்" என்று எழுதியிருந்தார். அன்பில்தான் எழுதினார், தெரியும். ஆனாலும் மூன்று நாளாக மனசு ஆறவில்லை. அதனால் இந்தப் பதிவு.

உருளை பழுப்புக் கரடிப் பொம்மை, என் கையளவு இருப்பான். மிளகு கறுப்பு, அவனை விடச் சின்னவள். ஒன்பது வருடமாக என் சைக்கிளின் முன்பையில் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வருகிறார்கள். எந்தக் குழந்தைக்காகவும் வாங்கியதில்லை, எந்தக் குழந்தையின் இடத்திலும் வைத்ததில்லை. நானும் என் கணவரும் எங்களுக்காக வாங்கினோம், அவ்வளவுதான்.

2025 ஜூனில் போலந்தின் தெற்கிலிருந்து ஸ்லோவாக்கியாவுக்கு எட்டு நாள் ஓட்டினோம். கிளம்புவதற்கு முன் கிராக்கோவில் ஜோர்டன் பூங்காவுக்குப் போனோம். அங்கே வொய்டெக்கின் சிலை இருக்கிறது. 1942இல், சோவியத் முகாம்களிலிருந்து விடுதலையாகி வந்த போலந்துப் படைவீரர்கள் ஈரானில் எடுத்து வளர்த்த கரடிக்குட்டி அது. தாயில்லாத குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்தார்கள், கூடாரத்தில் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார்கள். இத்தாலிக்குக் கப்பலேறும்போது அதையும் சிப்பாயாகப் பதிவு செய்து கூட்டிப் போனார்கள். 1944இல் மோன்டே காசினோ சண்டையில் வெடிகுண்டுப் பெட்டிகளை அது சுமந்ததாகச் சொல்கிறார்கள். குண்டைத் தூக்கிப் போகும் கரடிதான் பிறகு அந்தப் பிரிவின் சின்னமே. போருக்குப் பின் எடின்பரோ மிருகக்காட்சி சாலையில் 1963 வரை இருந்தது. அங்கே அதைப் பார்க்கப் போன பழைய வீரர்கள் போலிஷ் மொழியில் அதோடு பேசுவார்களாம்.

வீடு போய், ஊர் போய், சாவைப் பக்கத்தில் பார்த்த ஆம்பிளைகள் ஒரு கரடியைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். ஏக்கம் இருந்திருக்கும். இல்லாமல் எப்படி? அதில் பாவம் பார்க்க என்ன இருக்கிறது? சிலையின் பக்கத்தில் உருளையை வைத்துப் படமெடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நோவி டார்க் என்ற ஊரிலிருந்து சைக்கிள். முதல் நாள் ட்ரஸ்தெனா பக்கம் போய்விட்டுத் திரும்பினோம். நாங்கள் போன வழி 1904இல் திறந்த ரயில் பாதை. இப்போது தண்டவாளம் கிடையாது, அதன் மேலேயே தார் போட்டுச் சைக்கிள் பாதை ஆக்கிவிட்டார்கள். ரயில் ஏறிய வழி என்பதால் முழங்காலைப் படுத்தாத ஏற்றம். வழியெல்லாம் சதுப்பு நிலம், தெற்கே முழு நீளத்துக்கும் டாட்ரா மலை. மறுநாள் துனாயெட்ஸ் ஆற்றோடு கிழக்கே போய், சோர்ஷ்டின் ஏரியைச் சுற்றி, நியெட்ஸிட்ஸா கோட்டைக்குக் கீழே அணையைத் தாண்டினோம். செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைப் புகையில் வாட்டி விற்கிறார்கள், ஒஸ்ட்சிபெக் என்று பெயர். உப்புக் கரிக்கும். சூடாகச் சாப்பிட வேண்டும்.

ஆறுதான் அங்கே எல்லை. இந்தக் கரை போலந்து, அந்தக் கரை ஸ்லோவாக்கியா. ஸ்ரோமோவ்ட்ஸே என்ற ஊரில் மரப்பாலம் ஒன்று இருக்கிறது, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். அதைத் தாண்டினால் செர்வெனி க்ளாஷ்டோர், 14ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பழைய மடம். அங்கே போய் இறங்கிய பிறகுதான் பையைப் பார்த்தேன். மிளகு இல்லை.

போலந்துப் பக்கம் தண்ணீர் குடித்த பெஞ்சில் விட்டிருக்கிறேன். இவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினார். பாலத்தில் எங்களை நிறுத்த யாருமில்லை. 2007 டிசம்பர் வரை இந்த எல்லையில் சோதனை இருந்தது. இன்று ஒரு பொம்மைக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஐந்து நிமிடத்தில் ஓடிப் போகிறோம். பெஞ்சில் மிளகு இல்லை. பக்கத்தில் நீலப் பூவேலை போட்ட மேலங்கியோடு இரண்டு படகுக்காரர்கள் நின்றார்கள். ஐந்து மரத்தொட்டிகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் பயணிகளை ஏற்றிப் பள்ளத்தாக்குக்குள் கூட்டிப் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், உள்ளே மிளகு. "மிஷ்" என்றார். போலிஷில் குட்டிக் கரடியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் முகத்தில் கேலியே இல்லை. வெயில் படாமல் வைத்திருந்தார்.

அப்புறம் மகுரா கணவாய் ஏறி இறங்கி ஸ்பிஷ்ஸ்கா பெலா, கெஷ்மரோக் என்ற ஸ்லோவாக்கிய ஊர்கள். அந்த ஏற்றத்தைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் தெம்பில்லை.

ஸ்லோவாக்கியாவில் கரடி வெறும் பொம்மை இல்லை. காட்டு வழிகளில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. 2024 மார்ச்சில் லிப்டோவ்ஸ்கி மிகுலாஷ் என்ற ஊருக்குள்ளேயே ஒரு கரடி ஓடி வந்து ஆட்களைக் காயப்படுத்தியது. 2025 ஏப்ரலில் 350 கரடிகள் வரை சுட அரசு முடிவெடுத்தது. நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் ஜெர்மன் வரும், ஜெர்மன் பேசும் ஊரில் இத்தனை வருடம் இருந்ததில் எங்களுக்கும் வரும். உருளையை மேசையில் பார்த்ததும் அவரே பேச்சை ஆரம்பித்தார். மகன் காட்டு வேலைக்குப் போகிறான், எனக்குப் பயம்தான், ஆனால் சுடுவதும் பிடிக்கவில்லை என்றார். ஸ்லாவிய மொழிகளில் கரடிக்கு உள்ள சொல்லின் பொருளே "தேன் தின்பவன்" என்பதுதான். உண்மைப் பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து அப்படி வைத்தார்கள் என்கிறார்கள். நம் ஊரில் இரவில் பாம்பைப் பூச்சி என்று சொல்வது போலத்தான். அவரிடம் இதைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரவு பதினொன்று வரை பேசினோம். இரண்டு அயல்நாட்டுப் பயணிகளிடம் அவர் வேறு எப்படி மகனைப் பற்றிப் பேசியிருப்பார்?

சித்தி, இதற்காகத்தான் உருளையையும் மிளகையும் கூட்டிப் போகிறேன். எங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பக்கத்தில் வருகிறார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அழ வேண்டியதை நாங்கள் எப்போதோ அழுது முடித்தோம். உருளைக்கும் மிளகுக்கும் அந்த வேலையை நாங்கள் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்க வேண்டாம்.

உருளையின் இடது காதில் தையல் விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைக்க வேண்டும். கெஷ்மரோக்கின் மரத் தேவாலயப் படங்களை அடுத்து போடுகிறேன். அதிலும் இரண்டு பேரும் இருப்பார்கள்.