பொற்கிண்ணத்தில் கொடுத்தால் ஞானப்பால், பாட்டிலில் கொடுத்தால் பாவமா?

போன வாரம் அலுவலகத்துப் பெண் ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். விழுப்புரத்துக்காரி, மும்பைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பேறுகால விடுப்பு அடுத்த மாதத்தோடு முடிகிறதாம். "அக்கா, நீங்கள் எங்கே உட்கார்ந்து தாய்ப்பால் எடுத்தீர்கள்?" என்று கேட்டாள். கடன் கேட்கிறவர்களின் குரல் போலத் தாழ்ந்திருந்தது அவள் குரல். நான் சொன்ன பதில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. சொல்லாமல் விட்டது நிறைய. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆண்களும் படிக்கலாம், தப்பில்லை.

என் மகள் 33-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1 கிலோ 700 கிராம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் தாளம் தப்பாமல் சேர்த்துச் செய்வது ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 34-வது வாரத்தை ஒட்டித்தான் கைவரும். இவளை மார்போடு சேர்த்தால் ஒரு முறை நக்கிப் பார்ப்பாள், தூங்கிப்போவாள். அதனால் வாய் வழியாக மெல்லிய குழாய் போட்டு அதில் பால் விட்டார்கள். பாலை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு கிளறிப் போட்டவர்கள்கூடச் சொல்லவில்லை.

மலையாளி நர்ஸ் ஒருவர் கற்றுக்கொடுத்தார். முதலில் வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம். பிறகு கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து சற்றுத் தள்ளி. நெஞ்செலும்பை நோக்கி ஓர் அழுத்து, பிறகு விரல்களைச் சேர்த்து ஒரு பிழி, அப்புறம் விடு. "காம்பைப் பிடித்து இழுக்காதே, அது தண்ணீர்க் குழாய் இல்லை" என்றார். அரை மணி நேரம் போராடியதில் வந்தது 3 மில்லி. தேன் நிறத்தில் சீம்பால். ஊசி இல்லாத சிரிஞ்சில் அதை உறிஞ்சி எடுத்தவர், கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த துளியையும் விடாமல் வழித்தார். "இது போதுமா சிஸ்டர்?" என்றேன். தொட்டிலில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டினார். அவளுக்கு ஒரு வேளைக்கு 2 மில்லி. ஒரு மில்லி மிச்சம்! அன்றைக்கு அந்த வார்டிலேயே பெரிய பணக்காரி நான்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு மின்சார பம்ப். 24 மணி நேரத்தில் எட்டு முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். இரவு இரண்டு மணி முறையைத் தவறவிடக் கூடாது, ஏனென்றால் பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். நடுராத்திரியில் அந்த மோட்டாரோடு தனியாக உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் அது பேச ஆரம்பித்துவிடும். எனக்கு "இன்னும் கொடு, இன்னும் கொடு" என்று கேட்டது. என் கணவருக்கு "வாடகை, வாடகை" என்று கேட்டதாம்.

பாட்டில் கொடுப்பவள் சோம்பேறி என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நேராகக் கொடுக்கிறவளுக்குக் கொடுப்பது ஒன்றுதான் வேலை (அதுவும் லேசான வேலை இல்லை). எனக்கு எடுப்பது, கொடுப்பது, கழுவுவது என்று மூன்று. புனல், வால்வு, ரப்பர் சவ்வு, பாட்டில், நிப்பிள் என எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, சோப்பு நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிக்கும் நீரில் போட்டு, துடைக்காமல் உலர வைக்க வேண்டும். அது உலர்வதற்குள் அடுத்த முறை வந்துவிடும். அந்த வால்வு ஒரு கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். ஒரு நாள் அது சமையலறைத் தொட்டியின் ஓட்டையில் போய்விட்டது. பிளம்பர் வருவதற்குள் பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாகி, காய்ச்சலே வந்துவிட்டது.

அவள் மார்பில் குடிக்கப் பழகவில்லையா என்று கேட்பீர்கள். ஆறு வாரம் முயன்றோம். குறைமாதப் பிள்ளைகள் பலர் பிறகு அழகாகப் பிடித்துக்கொள்கிறார்கள், அதனால் முயலாமல் விடாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் கூட இருந்து காட்டிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. என் மகள் மட்டும் வில்லாய் வளைந்து, ஊரைக் கூட்டி அழுதாள். ஒரு நாள் மாலை அவளும் அழ, நானும் அழ, என் கணவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பேசாமல் பாட்டிலைச் சூடு செய்து கொண்டுவந்தார். அதோடு விட்டேன். விட்டதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

வருந்த வைக்கப் பார்த்தவர்கள் உண்டு. மும்பைப் புறநகரான டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்தில் பதினோரு தமிழ்க் குடும்பங்கள். குழந்தையைப் பார்க்க வந்த அத்தனை பேருடைய கேள்வியும் ஒன்றே: "நேராகக் கொடுப்பதில்லையா?" நேராக! அப்படியென்றால் நான் கொடுத்தது கோணலாகவா? பாட்டிலுக்குள் இருப்பது என் உடம்பில் சுரந்த பால்தான் என்று சொன்னால், "இருந்தாலும்…" என்று இழுப்பார்கள். அந்த "இருந்தாலும்" என்ற சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் மாமியார் சீர்காழிப் பக்கம். பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். இந்த ஊர் மீன் சந்தையில் பால்சுறா என்று எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் புரியாது. மோரி என்று கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. சுறாவால் பால் ஊறுகிறதோ இல்லையோ, எடுக்க எடுக்க ஊறும் என்பது நிச்சயம். நிறைந்த மார்பில் சுரப்பு தானாகவே மட்டுப்பட்டுவிடும். இறைத்த கிணறு ஊறும் என்று அவரே சொல்வார். ஆனால் அக்கம்பக்கத்தார் வந்தால் பாட்டிலின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். கண்ணூறு பட்டுவிடும் என்பது சாக்கு. பாதி வெட்கம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் கேட்டே விட்டார். "பாட்டிலில் குடித்த பிள்ளை அம்மாவோடு ஒட்டுமா, கண்ணு?"

"அத்தை, உங்கள் ஊர் சம்பந்தருக்கு உமையம்மை எப்படிப் பால் கொடுத்தாள்?" என்று கேட்டேன்.

சீர்காழிக்காரரிடம் அந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் திருமுலைப்பால் உற்சவம் என்று பெயர் வைத்தே கொண்டாடுகிறவர்கள். மூன்று வயதுப் பிள்ளை குளக்கரையில் நின்று அழுகிறது. உமை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் எடுத்து, அதில் ஞானத்தைக் குழைத்து ஊட்டுகிறாள். மடியில் போட்டு நேராகக் கொடுக்கவில்லை. எடுத்து, கிண்ணத்தில் கொடுத்தாள். அதைக் குடித்த பிள்ளை ஒட்டிய ஒட்டு நாடறியும். வாயில் பால் வழிவதைப் பார்த்த தகப்பனார் கோலை ஓங்கிக்கொண்டு "யார் கொடுத்த பாலைக் குடித்தாய்?" என்று அதட்டினாராம். எங்கள் கட்டடத்தில் கேட்டவர்களின் கையில் கோல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அம்பாளும் நீயும் ஒன்றா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், பெட்டியின் அடியிலிருந்து குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என் கணவர் குடித்த பாலாடை. அன்றிலிருந்து பகல் வேளைகளை அவர் எடுத்துக்கொண்டார். குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்து, அவள் விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. மருத்துவர்களும் பாட்டிலைவிடப் பாலாடையையோ கிண்ணத்தையோதான் விரும்புகிறார்கள். காரணம் எளிது: பாலாடையில் அழுக்கு ஒளிய மூலை இல்லை.

பாட்டிலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சரியாகக் கழுவாத பாட்டிலால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது, அது உண்மை. பால்மாவுக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ல் சட்டம் வந்தது, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். நல்ல சட்டம். கொழுகொழு குழந்தையின் படத்தைப் போட்டு டப்பா விற்றவர்களின் வாயைக் கட்டியது. ஆனால் சட்டம் கட்டியது விற்கிறவன் கையை. வீட்டில் பாட்டிலைப் பிடித்திருக்கிற தாயின் கையை நாமாகப் போய்க் கட்டிவிட்டோம். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்று சுவரெங்கும் பாட்டிலின் மேல் சிவப்புக் கோடு போட்ட படம். அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் என் மகளுக்கு நான் 40 மில்லி தாய்ப்பாலைப் பாட்டிலில் கொடுத்தேன். எதிரே இருந்த பெரியம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இதே மும்பையில் சயான் மருத்துவமனை இருக்கிறது. தாராவித் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் பிள்ளை பெற்ற இடம். 1989 நவம்பரில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அங்கே தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. பெயர் 'சினேகா'. தாய்மார்கள் கொடுக்கும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, உறைய வைத்து, சோதித்து, தாய்க்குப் பால் இல்லாத குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தைகளில் ஒன்றுக்கும் பால் 'நேராக' வந்ததில்லை. பெற்றவள்கூடக் கொடுத்ததில்லை. பிழைத்து வளர்ந்து, இன்றைக்கு அவர்களில் சிலர் இதே ரயிலில் என்னை இடித்துக்கொண்டு நிற்கலாம்.

ரயில் என்றதும் அலுவலகக் கதைக்கு வருகிறேன். 26 வாரச் சம்பள விடுப்பு, பேறுகால நலச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தத்தால் கிடைத்தது. அதற்கு முன் 12 வாரம்தான், ஆகவே நன்றி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகும் உணவோடு சேர்த்துத் தொடருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடர வழி? அந்தச் சட்டம் 1961-ல் வந்ததிலிருந்தே குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட தினம் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-ல் சேர்த்தார்கள். படிக்க எவ்வளவு அழகாக இருக்கிறது! சட்டம் எழுதியவர் மனத்தில் ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு. என் அலுவலகம் கோட்டைப் பகுதியில். வீட்டிலிருந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். காலை எட்டு மணி வண்டியில் டோம்பிவிலியில் ஏறியவர்களுக்குத் தெரியும், தூக்கிய காலைக் கீழே வைக்க இடம் கிடைக்காது. அதில் ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போவதாம்! இந்த ஊரில் குழந்தை அம்மாவிடம் வர முடியாது, அம்மா குழந்தையிடம் போக முடியாது. பால்தான் பயணம் செய்ய முடியும். எனக்குத் தேவைப்பட்டது தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு ப்ளக் பாயின்ட்.

அலுவலகத்தில் முதலில் கழிப்பறையைக் காட்டினார்கள். பிள்ளை குடிக்கப்போகிற உணவு இது, உங்கள் மதியச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்து கட்டுவீர்களா என்று கேட்டேன். பிறகு பழைய கோப்பு அறை. தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு, முதுகால் கதவை அழுத்திக்கொண்டு எடுத்தேன். அமைதியாக உட்கார்ந்தால்தான் பால் இறங்கும். யாராவது கதவைத் தட்டினால் உடனே நின்றுவிடும், மாட்டைப் போலத்தான். குளிர்பெட்டியில் வைத்ததற்கும் ஒருவர் முகம் சுளித்தார். அவர் தயிர்ச்சாதத்துக்குப் பக்கத்தில் 'அது' இருக்கிறதாம். எருமையிடம் கறந்த பால் பாக்கெட் அதே தட்டில்தான் இருந்தது, அதன்மேல் அவருக்கு வருத்தமில்லை. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஐஸ் கட்டி வைத்த சின்னப் பை ஒன்று வாங்கிக்கொண்டேன். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், ஐஸோடு ஒரு நாள் தாங்கும்.

ஒரு ஜூலை மாலை, தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, குர்லாவுக்குச் சற்று முன் வண்டி நின்றுவிட்டது. பெண்கள் பெட்டி. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான், யார் குழந்தை என்று உடம்பு கேட்குமா? ரவிக்கை நனைந்துவிட்டது. பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் மீன்கூடையோடு ஒரு அம்மாள், "அதில் என்ன, டப்பாவா?" என்று மராத்தியில் கேட்டார். பால் என்றேன். பையைப் பார்த்தார், என் துப்பட்டாவைப் பார்த்தார். "அங்காவரச்ச தூத்?" என்றார். மராத்தியில் தாய்ப்பாலுக்கு அப்படித்தான் பெயர், உடம்பின் பால் என்று. தலையாட்டினேன். அவர் பெட்டியைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டார். மூன்று பெண்கள் எழுந்து சுவர்போல நின்றார்கள், எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கூடையிலிருந்து ஒரு கை ஐஸ் எடுத்து என் பையில் போட வந்தார். மீன் ஐஸ் வேண்டாம் என்று எப்படியோ சொல்லித் தப்பினேன். நேராகவா கோணலாகவா என்று அந்தப் பெட்டியில் யாரும் கேட்கவில்லை.

பதினோரு மாதம் வரை எடுத்தேன். பிறகு தானாகக் குறைந்தது, நிறுத்திவிட்டேன்.

விழுப்புரத்துப் பெண்ணுக்காக நேற்றுப் போய் அந்தக் கோப்பு அறையைப் பார்த்து வந்தேன். தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள், கதவில் பாலூட்டும் அறை என்று பலகைகூட இருக்கிறது. ஆனால் ப்ளக் பாயின்ட் இரும்பு அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது, கை எட்டவில்லை. அலமாரியை நகர்த்த விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.