இதெல்லாம் சகஜமாம்!

மூன்று வாரமாக என் காரின் பின்சக்கரத்துப் பக்கம் யாரோ உரலில் பாக்கு இடிக்கிறார்கள். கடக், கடக். சர்வீஸ் சென்டர் தம்பி கேட்டுவிட்டு, "இதெல்லாம் சகஜம்தான் சார்" என்கிறான்.

கேட்டுவிட்டு என்றா சொன்னேன்? எங்கே கேட்டான்! ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்தவன் நேரே நான்குவழிச் சாலையில் ஏற்றினான். அங்கே மாட்டுவண்டிகூடச் சத்தம் போடாது. மேலப்பாளையம் பக்கம் விடுங்கள் தம்பி என்று கெஞ்சினேன். "டீசல் வீணாகும் சார்." திரும்பி வந்து டிக்கியைத் திறந்தான். ஜாக்கியை ஆட்டினான், ஸ்டெப்னியைத் தட்டினான், தாம்பூலப் பையைப் பிரித்துத் தேங்காயை எடுத்துக் காதோரம் குலுக்கினான். "இதுதான் சார் உருண்டிருக்கும்." தேங்காயாம்! பிறகு குரலைத் தாழ்த்தி, "பின்சீட்டில் வழக்கமாக யார் உட்காருவார்கள்?" என்றான். என் அத்தை பக்கத்திலேயே நிற்கிறார். ஐந்து பேர் போகலாம் என்று சொல்லித்தானே ஐயா விற்றீர்கள்? அந்த ஐந்தில் மாமியார் சேர்த்தியில்லையா?

கழுவித் துடைத்து, வாசனை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, 2,340 ரூபாய் பில்.

மறு ஞாயிறு கல்லிடைக்குறிச்சியில் மறுவீடு. பத்தமடைக்கு முன்னால் ஒரு வேகத்தடை. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், வில்லாக வளைந்து ஏறி இறங்க வேண்டும் என்று, சாலை போடுவதற்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. இதுவோ யாரோ தார்ச்சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போன மேடு, வெள்ளைக்கோடும் கிடையாது. ஊர்ந்துதான் ஏறினேன். டணார்! வண்டி ஒரு பக்கமாகக் குந்திவிட்டது. "நான் அசையக்கூட இல்லை மாப்பிள்ளை" என்றார் அத்தை.

உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். ஒரு வேப்பமரம், ஒரு ஜாக்கி, அவ்வளவுதான் பட்டறை. மெக்கானிக் சாவியைக்கூடக் கேட்கவில்லை. முறியாத பக்கத்து மூலையை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தி விட்டார். வண்டி தொட்டிலாய் மூன்று முறை ஆடியது. "ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும் அண்ணாச்சி. குலுக்கலைத் தாங்குகிற ஷாக் அப்சார்பர் போய் நாளாகிறது." உள்ளே எண்ணெய் சிறு துளைகளில் புகுந்து வெளியேறித்தான் ஆட்டத்தை அடக்குமாம். எங்கள் எண்ணெய் எல்லாம் வெளியே கசிந்து, புழுதி அப்பி, குழல் முழுக்கக் கருப்பு அல்வா. அப்புறம் சக்கரத்துப் பக்கம் கையை விட்டு, ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை எடுத்து என் கையில் வைத்தார். சுண்டுவிரல் கனம். முறிந்த வாயில் பாதி துருப் பழுப்பு, பாதி பளபளப்பு. "பழுப்பு பழைய விரிசல்; மற்றது இன்றைக்கு முறிந்தது." அதாவது, அந்தத் தம்பி தேங்காயைக் குலுக்கிக்கொண்டிருந்தபோதே அது விரிசல் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

தம்பிக்குப் போன் போட்டேன். "பள்ளத்தில் இறக்கியிருப்பீர்கள் சார், வாரண்டியில் வராது." பள்ளத்தில் இறக்காமல் ஓட்ட வேண்டுமென்றால் இந்த ஜில்லாவில் தாமிரபரணிக்குள்தான் ஓட்ட வேண்டும். அங்கேயும் மணல் அள்ளிப் பள்ளம்தான்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாயும், இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். சாமான் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். பணம் போனால் போகட்டும். நாங்கள் பந்தியில் உட்கார்ந்தபோது மணி மூன்றரை. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி தீர்ந்துவிட்டது! மறுவீட்டில் சாம்பார் ஊற்றுகிறார்கள், கேட்பார் இல்லை. அப்பளத்துக்கே பேர்போன ஊரில் கூடையின் அடியில் கிடந்த தூள்தான் இலைக்கு வந்தது. இஞ்சித் துவையல் மட்டும் மலைபோல் இருக்கிறது. சொதி இல்லாமல் அதை எதற்குத் தொட்டுக்கொள்வது? கேட்டால், பால் பிழியத் தேங்காய் போதவில்லையாம்.

அத்தைதான் முதலில் சிரித்தார். "டிக்கியில் ஒன்று கிடக்கிறதே மாப்பிள்ளை."