ஆறு பீனிக்ஸ் ஏவுகணைகளோடு டாம்கேட்?

“விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த எஃப்-14 டாம்கேட் போர் விமானம் எப்போதும் ஆறு பீனிக்ஸ் ஏவுகணைகளோடுதான் ரோந்து போகும்” என்று விமான மாடல் செய்பவர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது. இது தவறு.

ஆறைச் சுமக்க முடியும் என்பது உண்மைதான். 1973 நவம்பரில் நடந்த சோதனையில் ஒரே டாம்கேட் 38 விநாடிகளில் ஆறையும் ஏவியது. அந்தக் காலத்துப் படங்கள்தான் இந்தக் குழப்பத்துக்கு மூலம் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்க அவ்வளவு மிரட்டலாக இருக்கும்!

சிக்கல் திரும்பி வருவதில் இருக்கிறது. ஒரு பீனிக்ஸ் சுமார் 450 கிலோ. ஆறோடு கப்பல் தளத்தில் இறங்கினால் எடை வரம்பு இடிக்கும். வரம்புக்குள் நிற்க எரிபொருளைக் குறைத்தால், முதல் முயற்சியில், இறங்கும் விமானத்தை நிறுத்தத் தளத்தில் கட்டியிருக்கும் கம்பியைப் பிடிக்காவிட்டால் மறுபடி சுற்றிவரப் போதாது. விலையுயர்ந்த ஏவுகணையைக் கடலில் வீசவும் மனம் வராது.

வழக்கமான ரோந்துக்கு இரண்டு பீனிக்ஸ், அதோடு வேறு வகை ஏவுகணைகளான ஸ்பேரோ இரண்டு அல்லது மூன்று, சைட்வைண்டர் இரண்டு போதுமானதாக இருந்தது. மாடலில் பீனிக்ஸ் இரண்டையும் வயிற்றுப் பகுதியில் முன்னால் ஒட்டுங்கள். சரி, சோதனை விமானத்தைச் செய்கிறீர்கள் என்றால் ஆறையும் தாராளமாக மாட்டலாம்.