மேசை விரிப்பு

போன கிழமை எங்கள் ஊர் வாசிகசாலையில் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி. நடத்தியவர்களில் நானும் ஒருவன். தொடங்க அரை மணித்தியாலம் இருக்கையில் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிக்கொண்டுபோனார். கரியால் வரைந்த படம்: கிணற்றடியில் குளிக்கும் ஒரு கிழவி. முதுகுப்புறம் முழுக்கத் தெரிகிறது. முள்ளந்தண்டு கணுக்கணுவாக, இடது தோளுக்குக் கீழே ஒரு தழும்பு.

"தம்பி, குமர்ப்பிள்ளைகள் வருகிற இடம்."

நான் வாதாடவில்லை. மேசை விரிப்பை எடுத்து மூடிவிட்டேன். வரைந்த பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று வந்தவர்களில் ஒருவர்கூட விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தணிக்கை என்றால் எங்களுக்குக் கொழும்புதான் ஞாபகம் வரும். 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை நான்கு மாதம் மறியலில் வைத்தார்கள். கோபத்தோடு பதிவு போட்டவன் நான். அதற்கு முந்தைய வருடம் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில், தமிழ் ஆயுத இயக்கங்களுக்குள் நடந்த கொலைகளையும் பேசும் ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' ஆவணப்படம் எதிர்ப்பு வந்து நிறுத்தப்பட்டபோதோ, "இப்போது இது தேவையா?" என்று கேட்டவர்களோடு சேர்ந்து தலையாட்டினேன். படத்தை நான் பார்த்திருக்கவில்லை.

ஒழுக்கத்துக்காக என்கிறார்கள். எந்த வருடத்து ஒழுக்கம்? நல்லூர்க் கோயிலில் தேவதாசிகளின் சதிராட்டம் கூடாதென்று கண்டித்தவர் ஆறுமுக நாவலர். இன்று அதன் வழிவந்த பரதத்துக்கு மண்டபம் எடுத்து, நகை வாடகைக்கு வாங்கி அரங்கேற்றம் வைக்கிறோம், கையைப் பிடித்த பெரியவரின் பேத்திக்கும் உட்பட. நாவலர் பிடிக்காததை அச்சில் எழுதி வாதாடினார் என்பதையும் சொல்லவேண்டும். காதுக்குள் சொல்லிவிட்டுப் போகவில்லை.

எல்லாவற்றையும் காட்டலாம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: கிழவியின் சம்மதம் வாங்கினார்களா? அதைப் பெரியவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்றுப் படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் கேட்டேன்.

"அம்மம்மாதான் வரையச் சொன்னவர். செல் குண்டு பட்ட காயத்தை விட்டுவிடாதே என்றும் சொன்னார்," என்றாள் பிள்ளை. கண்காட்சிக்கு அவரும் வந்திருந்தாராம்.